பிளக் பொருந்துது, சாமான் பொருந்துதா? கடல் கடக்கும் மின்சாமான்களின் கோளாறு, அறிகுறி வாரியாக

கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் கட்டப்படுகிற பெட்டியிலும் அவிழ்க்கப்படுகிற பெட்டியிலும் மின்சாமான் ஒன்றாவது இருக்கும். கட்டாருக்குப் போகும் ரைஸ் குக்கர், சவூதியிலிருந்து கார்கோவில் வரும் வொஷிங் மெஷின், கனடா மாமி தூக்கிவரும் ஹெயார் ட்ரையர், சுவிஸ் அயன். பிளக் உள்ளே போய்விட்டது என்பதை மட்டும் பார்த்துச் சுவிட்சைப் போடுவதில்தான் இவற்றில் பல போய்ச் சேருகின்றன. கடையில் விற்கும் பயண அடப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும். வோல்டை அது தொடாது.

சுவிட்சைப் போடுவதற்கு முன்

கருவியின் அடியிலோ முதுகிலோ ஒரு சிறு லேபல் இருக்கும். எழுத்து தெரியாவிட்டால் போன் கமராவால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தேவை மூன்று எண்கள்: வோல்ட் (V, கரண்டின் அழுத்தம்), ஹெர்ட்ஸ் (Hz, கரண்ட் வினாடிக்கு எத்தனை தடவை அலைகிறது), வாட் (W, கருவி இழுக்கும் சக்தி). 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது எந்த நாட்டிலும் ஓடும். போன் சார்ஜர், லெப்டொப், கமரா சார்ஜர் எல்லாம் ஏறத்தாழ இந்த வகை. 220-240 என்று மட்டும் இருந்தால் கனடாவுக்கு ஆகாது. 120 என்று மட்டும் இருந்தால் இங்கே பிளக் பேஸுக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

நாடுகளை இப்படி நினைவில் வையுங்கள். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கட்டார், குவைத், ஓமான், துபாய், இங்கிலாந்து, மலேசியா எல்லாம் கிட்டத்தட்ட இதே அளவு, பின்னும் நம் 13 ஆம்பியர் சதுரப் பின்தான். சவூதியில் பின் அதேதான், ஆனால் 60 ஹெர்ட்ஸ். பழைய கட்டடம் என்றால் 127 வோல்ட் பிளக் பேஸும் இருக்கலாம். கனடாவும் அமெரிக்காவும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். யப்பானில் 100 வோல்ட். சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே, அவுஸ்திரேலியா ஆகியவற்றில் வோல்டும் ஹெர்ட்ஸும் நம்முடையவை, பின் மட்டும் வேறு. இந்தியாவும் 230, 50 தான். அங்குள்ள 6 ஆம்பியர் பேஸ் நம் பழைய 5 ஆம்பியர் உருண்டைப் பின் மூன்றையும் அப்படியே ஏற்கும். வைத்தியத்துக்கு வேலூர் போகிறவர்கள் அடப்டர் தேடி அலைய வேண்டாம். வீட்டு மேசை லாச்சியில் கிடக்கும் பழைய உருண்டைப் பின் வயர் இருந்தால் போதும்.

"குக்கர் எரியுது, சோறு வேகுதில்ல"

இங்கே வாங்கிய 230 வோல்ட் குக்கர், கேத்தல் அல்லது அயனைக் கனடாவில் போட்டால் வருவது இது. லைட் எரியும், தட்டு இளஞ்சூடாகும், ஒரு மணித்தியாலம் போனாலும் அரிசி ஊறிக் கிடக்கும். கருவி பழுதில்லை. சூடாக்கும் கம்பியின் சக்தி வோல்டின் வர்க்கத்தோடு குறைகிறது. 120ஐ 230ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் 0.27. ஆக 700 வாட் குக்கர் அங்கே 190 வாட் குக்கர். 1500 வாட் கேத்தல் 410 வாட்டுக்கு இறங்கிவிடும். இங்கே மூன்றரை நிமிடத்தில் கொதிக்கும் ஒரு லீற்றர் தண்ணீருக்கு அங்கே பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும்.

இதனால் தீ ஆபத்து இல்லை, பிரயோசனமும் இல்லை. வோல்டை ஏற்றும் ட்ரான்ஸ்போமர் வாங்கி ஓட்டலாம்தான். ஆனால் 700 வாட்டுக்குப் போதுமான ட்ரான்ஸ்போமர் செங்கல்லுக்கு மேல் பாரம், அந்தக் காசுக்கு அங்கேயே ஒரு குக்கர் வாங்கலாம். சூடாக்கும் சாமான் எதையும் 120 வோல்ட் நாட்டுக்குக் கட்டிக்கொண்டு போகாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. புட்டுக்குழலையும் இடியப்ப உரலையும் கொண்டுபோங்கள், அவற்றுக்கு வோல்ட் தேவையில்லை.

மோட்டார், கொம்பிரஸர் உள்ள சாமானில் இதே குறைந்த வோல்ட் வேறு விதமாகப் பழிவாங்கும். சுழல முடியாமல் நின்று உறுமும், உள்ளே கரண்ட் கூடிச் சுருள் வேகும். உறுமினால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

"போட்ட உடனே 'டப்' எண்டு போயிற்று"

மேலே சொன்னதன் தலைகீழ். 120 வோல்ட் சாமான் 230 வோல்டில். இங்கே கணக்கு 3.67 மடங்கு. கனடாவின் 1500 வாட் ட்ரையரை ஆரையம்பதியில் போட்டால் அது 5500 வாட் இழுக்கப் பார்க்கும், அதாவது 24 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக் பேஸ் அதைத் தாங்காது, ட்ரையரும் தாங்காது.

புகை வந்தால் செய்யும் வரிசை முக்கியம். பிளக்கைக் கையால் பிடுங்கப் போகாதீர்கள், உருகிய பிளாஸ்ரிக்குக்குள் பின் வெளியே தெரியலாம். முதலில் சுவர்ச் சுவிட்ச். அது எட்டாவிட்டால் மெயின் சுவிட்ச். அதன் பிறகுதான் பிளக். நெருப்பாக இருந்தால், கரண்டை நிறுத்தும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று: கனடாவிலிருந்து வரும் மல்டி பிளக் கட்டை. இதில் சூடாக்கவும் ஒன்றுமில்லை, சுற்றவும் ஒன்றுமில்லை, ஆனாலும் போட்டதும் வெடிக்கும். மின்னல் பாய்ச்சலைத் தடுக்க அதற்குள் வைத்திருக்கும் சிறு வட்டத் துண்டு 120 வோல்டுக்கு அளவானது. நம் 230ஐ அது பாய்ச்சல் என்று நினைத்து விழுங்கிக் கருகிவிடும். லெப்டொப்பும் போனும் 240 வரை தாங்கும், அவற்றைச் செருகியிருக்கும் கட்டை தாங்காது. மல்டி பிளக்கை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

எரிந்ததைத் திருத்தலாமா? ட்ரையர், குக்கர் போன்றவற்றில் அனேகமாக உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்திருக்கும். மாற்றினால் மறுபடி உயிர் வரும். ஆனால் 120 வோல்டுக்குத்தான் வரும். ஆகவே வோல்டை இறக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் அந்தத் திருத்தத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ட்ரான்ஸ்போமர் எடுப்பதென்றால், சூடாக்கும் சாமானுக்கு லேபல் வாட்டைப் போல ஒன்றரை மடங்கு, மோட்டாருக்கு மூன்று மடங்கு அளவில் எடுங்கள். மோட்டார் தொடங்கும் கணத்தில் அவ்வளவு கேட்கும். உள்ளங்கை அளவில், பாரமே இல்லாமல், 1600 வாட் என்று எழுதிய 'கொன்வேட்டர்' கிடைக்கும். அது அயன் போன்ற வெறும் கம்பிச் சூட்டுக்கு, சில நிமிடங்களுக்கு மட்டும். இலத்திரனியல் எதையும் அதில் செருகினால் இரண்டும் போகும்.

"அடப்டர் கொதிக்குது, மணக்குது"

இதற்குத்தான் அதிக கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும். குக்கர் வேகும், அயன் சூடாகும், கூடவே சுவரில் அடப்டர் மெல்ல மெல்லக் கருகும்.

அடப்டரின் பக்கத்தில் 6 ஆம்பியர் அல்லது 10 ஆம்பியர் என்று பொறித்திருப்பார்கள். அதை அந்த நாட்டு வோல்டால் பெருக்குங்கள். 6 ஆம்பியர் அடப்டர் சுவிசில் 1380 வாட் தாங்கும். அதே அடப்டர் கனடாவில் 720 வாட் மட்டும். பொறிப்பே இல்லாத அடப்டரில் போன் சார்ஜர் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள்.

சோதனை எளிது. கருவி பத்து நிமிடம் ஓடட்டும். சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, உடனே அடப்டரின் பிளாஸ்ரிக்கைக் கையால் பிடியுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. ஐந்து வினாடி பிடிக்க முடியாத சூடு என்றால் அது கழிவு. துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம், மீன் கருகினாற்போல் ஒரு மணம், செருகும்போது 'சர்ர்' என்ற சத்தம் ஆகியவை பின்னும் துளையும் இறுக்கமாகத் தொடவில்லை என்பதற்கு அடையாளம். அடப்டருக்கு மேல் அடப்டர் போடுவதும் இதில்தான் முடியும்: ஒவ்வொரு இணைப்பும் ஒரு தளர்ந்த மூட்டு, பாரத்தில் தொங்கி மேலும் தளரும்.

கரையோரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கல்லடி, மருதமுனை, நிந்தவூர் என்று உப்புக்காற்று அடிக்கும் வீடுகளில் பித்தளைப் பின் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு கரண்டைத் தடுக்கும், தடுத்த இடம் சூடாகும். அரத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சுப் போய் அடுத்த மாரிக்குள் இன்னும் மோசமாகும். பிளக்கை வெட்டிவிட்டுப் புதிது போடுவதே நல்லது.

புதுப் பிளக் போடும்போது ஒரு பொறி இருக்கிறது. இங்கே பழைய வயரிங்கில் கரண்ட் கொண்டுவரும் லைன் சிவப்பு, அதைத் திரும்பக் கொண்டுபோகும் நியூட்ரல் கறுப்பு, கசிவை மண்ணுக்கு விடும் எர்த் பச்சை. கனடா, அமெரிக்கா வயரில் கறுப்புத்தான் லைன், வெள்ளை நியூட்ரல். பழைய பழக்கத்தில் கறுப்பை நியூட்ரலுக்குப் பூட்டினால் கருவி ஓடும், ஆனால் பிளக்கின் ஃபியூஸும் கருவியின் சுவிட்சும் தவறான பக்கத்தில் நிற்கும். நிறுத்திய பிறகும் உள்ளே கரண்ட் இருக்கும். ஆகவே அந்த வயரில் கறுப்பு லைனுக்கு, வெள்ளை நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு. ஐரோப்பிய வயரிலும் புதிய இலங்கை வயரிலும் மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். எர்த் வயரை மற்ற இரண்டையும் விடச் சற்று நீளமாக விடுங்கள், யாராவது இழுத்தால் கடைசியாக அறுவது அதுவாக இருக்கட்டும். 700 வாட்டுக்குக் கீழே 3 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ், அயனுக்கும் கேத்தலுக்கும் 13 ஆம்பியர் மண்ணிற ஃபியூஸ். இதெல்லாம் 230 வோல்டை ஏற்கும் கருவிக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

"பேனையால குத்தினாத்தான் பிளக் போகுது"

பாசிக்குடா, அறுகம்பை விடுதிகளில் அன்றாடம் நடப்பது. ஐரோப்பாவிலிருந்து வந்தவரின் இரண்டு உருண்டைப் பின் நம் சதுரத் துளைக்குள் போகாது. உள்ளே ஒரு மூடி தடுக்கும். மேல் எர்த் துளைக்குள் பேனை மூடியையோ ஸ்க்ரூ ட்ரைவரையோ விட்டால் மூடி திறக்கும், பிளக்கும் போய்விடும். வீட்டுக்கு வந்த சுவிஸ் சொந்தங்களுக்கும் நாமே இப்படிச் செய்து கொடுக்கிறோம்.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். நம் லைன், நியூட்ரல் துளைகளுக்கு இடையே 22 மில்லிமீற்றர். ஐரோப்பிய பின்களுக்கு இடையே 19. உள்ளே இருப்பது தட்டைப் பின்னைக் கவ்வும் தகடு. உருண்டைப் பின் சரிந்து, ஒரு கோட்டில் மட்டும் தொடும். போன் சார்ஜருக்கு அந்தக் கோடு போதும், ட்ரையருக்குப் போதாது. தடித்த ஐரோப்பியப் பின்னை அடித்து ஏற்றினால் தகடு விரிந்துவிடும். பிறகு நம் சொந்தப் பிளக்கே அந்தத் துளையில் ஆடும். ஐரோப்பியப் பிளக்கில் ஃபியூஸும் இல்லை, எர்த்தும் சேராது. எர்த் துளையில் விட்டது இரும்புக் கம்பி என்றால் வேறு சொல்ல வேண்டியதில்லை.

சரியான வழி, மூன்று பின்னும் உலோகமான அடப்டர். சுவிசின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின் நடுவிலிருந்து சற்று விலகி நிற்கும், சாதாரண ஐரோப்பிய அடப்டரில் அது சேராது. சுவிசுக்கென்றே உள்ளதை அங்கிருந்து வரும்போதே வாங்கி வரச் சொல்லுங்கள்.

"தொட்டா சுள்ளெண்டுது"

மெல்லிய அரிப்புப் போன்ற சுள்ளிப்பா, கையை இழுக்கும் அடியா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

லெப்டொப்பின் உலோக மூடியில் புறங்கையை மெதுவாக ஓட்டும்போது மணல் தடவினாற்போல் அதிர்ந்தால், அது சார்ஜரின் உள்ளே மின் இரைச்சலை (கரண்டில் கலக்கும் வேண்டாத அதிர்வை) வடிக்க வைத்த சிறு கொண்டென்சர் வழியாக வரும் கசிவு. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் உங்கள் வழியாகப் போகப் பார்க்கும். வெறுங்காலோடு ஈரச் சீமெந்துத் தரையில் நின்றால் நன்றாகத் தெரியும், செருப்புப் போட்டால் மறையும். இந்தச் சுள்ளிப்பு ஆளைக் கொல்லாது, ஆனால் எர்த் இல்லை என்பதைச் சொல்லிவிடும். அடப்டரின் எர்த் பின் பிளாஸ்ரிக்கா என்று பாருங்கள். 'உலகப் பொது' அடப்டர்களில் நிறைய அப்படித்தான், மூடியைத் திறக்க மட்டும் அந்தப் பின். சார்ஜரின் பிளக்கிலும் சுவர்ப் பேஸிலும் எர்த் உள்ளபோது, மூன்று பின்னும் பித்தளையான அடப்டருக்கு மாறினால் சுள்ளிப்பு நின்றுவிடும்.

அயன், கேத்தல், குக்கர், வொஷிங் மெஷின் சுள்ளிட்டால் இந்தச் சமாதானம் செல்லாது. உடனே நிறுத்துங்கள். உள்ளே வயர் உரசியிருக்கலாம், கம்பிக்குள் நீர் இறங்கியிருக்கலாம். டெஸ்டர் மங்கலாகத்தான் எரிகிறது என்று ஆறுதல் கொள்ளாதீர்கள், மங்கலும் பிரகாசமும் ஆபத்தின் அளவைக் காட்டாது. எர்த் தேவையில்லாத சாமானின் லேபலில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் வரைந்திருக்கும். அது இல்லாத உலோகச் சாமானை எர்த் இல்லாத அடப்டரில் போடவே கூடாது.

"சார்ஜ்ல போட்டா போன் தானா எழுதுது"

திரை தானாகத் தட்டுப்படும், விரல் ஒரு பக்கம் போக எழுத்து இன்னொரு பக்கம் விழும். கழற்றியதும் சரியாகிவிடும். போனில் பிழையில்லை, மலிவுச் சார்ஜரின் மின் இரைச்சல்தான் திரையைக் குழப்புகிறது. சார்ஜரை மாற்றுங்கள். அந்தச் சார்ஜரோடு போனைக் காதில் வைத்துக் கதைக்க வேண்டாம்.

"ட்ரிப் சுவிட்ச் விழுது"

கார்கோ பெட்டி வந்திறங்கிய கிழமையில் இது கூடுதலாக நடக்கும். கப்பலில் வாரக்கணக்கில் கிடந்த அயனும் கேத்தலும் ஈரம் குடித்திருக்கும். சூட்டுக் கம்பிக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த வழியாகக் கரண்ட் எர்த்துக்குக் கசியும், 30 மில்லி ஆம்பியர் ஆவதற்குள் ட்ரிப் சுவிட்ச் தன் வேலையைச் செய்யும். பெட்டியைப் பிரித்து இரண்டு நாள் காற்றோட்டமான, வெயில் எட்டும் இடத்தில் வைத்த பிறகு போடுங்கள். அதன் பிறகும் விழுந்தால் சாமானில் கோளாறு.

எது விழுந்தது என்பதையும் பாருங்கள். 'டெஸ்ட்' பொத்தான் உள்ள பெரிய சுவிட்ச் விழுந்தால் கசிவு. பக்கத்தில் வரிசையாக நிற்கும் சிறிய சுவிட்ச் விழுந்தால் பாரம் கூடியது அல்லது வயர் முட்டியது. இரண்டிலும் ஒரு முறை மட்டும் தூக்கிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் அந்தச் சாமானைக் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். ட்ரிப் சுவிட்சைச் சுற்றி நேர் வயர் போடச் சொல்லிக் கேட்கும் வீடுகளும் இருக்கின்றன, சம்மதிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமிருந்தும் தள்ளி நில்லுங்கள்.

"போட்டிருக்கு, ஒண்டும் நடக்கல்ல"

வெளிநாடு போய் இறங்கிய முதல் இரவில் வரும் புகார். ஹோட்டல் அறையில் கதவுக்கார்டைச் செருகாவிட்டால் பிளக் பேஸுக்குக் கரண்ட் வராமல் இருக்கலாம். கனடாவில் குளியலறைப் பிளக் பேஸின் நடுவே இரண்டு சிறு பொத்தான் இருக்கும், 'ரீசெட்' உள்ளதை அமர்த்துங்கள். இங்கிலாந்தின் குளியலறையில் உள்ள இரண்டு துளை, சவரக் கருவிக்கு மட்டும். சதுரப் பின் நாடுகளில் பிளக்கின் ஃபியூஸை நன்றாக ஓடும் இன்னொரு பிளக்கிலிருந்து மாற்றிப் பாருங்கள்.

"ஓடுது, ஆனா சத்தம் வேற"

சவூதிச் சாமான்களின் பிரச்சினை. லேபலில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருக்கும். பின் சரி, வோல்டும் கிட்டத்தட்டச் சரி, சம்மாந்துறையில் போட்டதும் ஓடும். ஆனால் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், ஆழ்ந்து உறுமும், சூடு கூடும். காரணம் இது: மோட்டாரின் இரும்பு தாங்கவேண்டிய காந்தம், வோல்டை ஹெர்ட்ஸால் வகுத்த கணக்கில் வரும். அங்கே 220ஐ 60ஆல் வகுத்தால் 3.67. இங்கே 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6. 25 வீதம் கூட. வொஷிங் மெஷின், ஃபிரிஜ், மைக்ரோவேவ் மூன்றும் இதற்குத் தப்பாது. இன்றைக்கே எரியாது, ஆயுள் குறையும். கார்கோவில் போடும் முன் 50/60 என்று இருக்கிறதா என்று லேபலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிரைண்டர், ட்ரில் போன்ற கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்கு ஹெர்ட்ஸ் பொருட்டில்லை, வோல்ட் சரியாக இருந்தால் போதும்.

பிள்ளைகளுக்கு முட்டு என்று நெபுலைசர் கொண்டுபோகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொம்பிரஸர் நெபுலைசர் கனடாவில் சத்தம் போடும், மருந்து புகையாக வராது. பற்றரியிலோ யூஎஸ்பியிலோ ஓடும் வகையைப் புறப்படும் முன் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள்.

கரண்டில் நேரே ஓடும் பழைய கனடா மணிக்கூடு 60 ஹெர்ட்ஸை எண்ணி நேரம் காட்டுவது. வோல்டை இறக்கிக் கொடுத்தாலும் இங்கே மணித்தியாலத்துக்கு 10 நிமிடம் பிந்தும். திருத்த வழியில்லை.

"பவர் பாங்கைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்றாங்க"

பவர் பாங்க் கையில் கொண்டுபோகும் பைக்குள் மட்டும். லக்கேஜில் போட்டால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்க வேண்டி வரும். எல்லை 100 வாட்-மணி. மில்லி ஆம்பியர்-மணியை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள்: 20,000 என்றால் 74, பிரச்சினையில்லை. 27,000 எல்லையில் நிற்கும். 30,000 என்றால் 111, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். மேலே உள்ள எழுத்து தேய்ந்து போயிருந்தால் கணக்குக் காட்ட வழியில்லை, அங்கேயே விட்டுவிட்டுப் போக நேரலாம். மேசையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் போல் சுழன்றால் வயிறு ஊதியிருக்கிறது. அதைப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள், வீட்டில் சார்ஜிலும் போடாதீர்கள்.